தண்ணீரில் இறங்கிய அந்தப் பையன்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். ஒன்பது வருடங்களாக அமெரிக்காவில் இருக்கிறேன். இப்போது பிட்ஸ்பர்க் புறநகர் ஒன்றில் வீடு. என் கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். அவருடைய முதல் திருமணத்தில் பிறந்த மகனுக்கு ஏழு வயது. வாரத்தில் பாதி நாள் எங்களோடு இருப்பான். எங்கள் மகளுக்கு மூன்று வயது.

போன மாதம் எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்துக்குப் போயிருந்தோம். புதிதாகக் குடிவந்த ஒரு கறுப்பினக் குடும்பமும் வந்திருந்தது. அவர்கள் பையனுக்கும் ஏழெட்டு வயதுதான் இருக்கும். அவன் இறங்கியதும் எங்கள் பையன் சட்டென்று மேலே ஏறி, "இவன் இறங்கினா தண்ணி அழுக்காயிடும்" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிவிட்டான். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. மகனைக் கூப்பிட்டு, துண்டைச் சுற்றி, அப்படியே அழைத்துக்கொண்டு போய்விட்டார். என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. "உஷ், அப்படியெல்லாம் சொல்லக் கூடாது" என்று பையனை இழுத்துக்கொண்டு காருக்கு வந்தார். வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அதோடு சரி.

"அவனுக்கு இனம், நிறமெல்லாம் என்ன தெரியும், குழந்தை! நம் வீட்டில் யாரும் நிறம் பார்ப்பதில்லை" என்கிறார். மாமியாரும் அதையே சொல்கிறார். நான் விடாமல் பேசியதும், "சரி, எனக்குத் தெரியவில்லை. நீயே சொல்லிக்கொடு. எந்தப் புத்தகம் என்று சொல், படிக்கிறேன்" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் இந்த வீட்டில் நிறம் குறைந்தவள் நான் ஒருத்தி என்பதால் இது என் வேலையா? அந்த அம்மாவை எந்த முகத்தோடு பார்ப்பது? இதற்கு நடுவில் ஊரிலிருந்து என் அம்மா வீடியோ காலில் பேத்தியைப் பார்த்து, "நல்ல வேளை, அப்பா கலர் வந்திருக்கு" என்கிறாள். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தப் பையனைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அன்று உங்கள் கணவர் வெட்கப்பட்டார், நீங்கள் தவித்தீர்கள், உங்கள் மகனுக்கு ஐஸ்கிரீம் கிடைத்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு போனவனுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. இருபது வருடங்களுக்கு மேலாக இந்த நாட்டில் குடும்பநல ஆலோசகராக இருக்கிறேன். இப்படி ஒரு வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டு வந்த குழந்தைகளின் தாய்மார்கள் என் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவருடைய மகனுக்குச் சனிக்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி வரும். டாக்டரிடம் காட்டினார்கள், ஒன்றுமில்லை என்றார். சனிக்கிழமைதான் அவனுக்கு நீச்சல் வகுப்பு. இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு, வகுப்பில் ஒரு குழந்தை தன் பக்கத்தில் நிற்க மாட்டேன் என்று சொன்னதை அவன் வாய்திறந்து சொன்னான். ஆறு வயது. அந்த வயதில் அவமானம் என்ற வார்த்தை தெரியாது. வயிறு வலிக்கிறது என்றுதான் சொல்ல வரும்.

அதனால் "குழந்தைதானே" என்று உங்கள் கணவர் அடுத்த முறை சொன்னால், அந்தக் குளத்தில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

இனி, உங்கள் மகன் சொன்ன அந்த வார்த்தை. அது பிட்ஸ்பர்க் நகரத்துக்கே பழைய வார்த்தை. 1931 கோடையில் நகராட்சி ஹைலண்ட் பார்க்கில் ஒரு பெரிய நீச்சல் குளத்தைத் திறந்தது. குளிக்க வந்த கறுப்பின மக்களிடம் மட்டும் வாசலில் உடல்நலச் சான்றிதழ் கேட்டார்கள். வெள்ளையர் ஒருவரிடமும் கேட்கவில்லை. மீறி உள்ளே போன கறுப்பின இளைஞர்களைத் தண்ணீரிலிருந்த வெள்ளையர்கள் அடித்து விரட்டினார்கள். போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. சான்றிதழ் கேட்டதற்கு என்ன அர்த்தம்? "நீ இறங்கினால் தண்ணீர் கெட்டுவிடும்" என்பதுதான். உங்கள் மகன் அதையே ஏழு வயதுப் பேச்சில் சொல்லியிருக்கிறான்.

இது ஒரு ஊரோடு நின்ற சங்கதியும் இல்லை. 1964 ஜூனில் ஃப்ளோரிடா மாநிலம் செயின்ட் அகஸ்டின் நகரில், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து ஒரு விடுதிக் குளத்தில் இறங்கிப் போராடினார்கள். அவர்கள் உள்ளே இருக்கும்போதே விடுதியை நடத்தியவர் குளத்தில் அமிலத்தை ஊற்றினார். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. அடுத்த இரண்டு வாரத்தில், பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டம் கையெழுத்தானது. சட்டத்தால் மட்டும் எல்லாம் மாறிவிடவில்லை. மிசிசிப்பியின் ஜாக்சன் நகராட்சி, எல்லோரையும் சேர்த்துக் குளிக்க விடுவதைவிடக் குளங்களையே மூடிவிடலாம் என்று 1963-லேயே மூடியிருந்தது. அது செல்லும் என்று 1971-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பல ஊர்களில் வெள்ளைக் குடும்பங்கள் பொதுக் குளங்களை விட்டுவிட்டு, உறுப்பினர்களுக்கு மட்டும் என்ற தனியார் குளங்களுக்கும் புறநகர் வீடுகளின் கொல்லைப்புறக் குளங்களுக்கும் போய்விட்டார்கள்.

குளம் இல்லாத தலைமுறைக்கு நீச்சல் தெரியாது. நீச்சல் தெரியாத அப்பா அம்மாவுக்குப் பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கம் விடவே பயம். இன்றைக்கும் 10 முதல் 14 வயதுக்குள் நீச்சல் குளத்தில் மூழ்கி இறக்கும் விகிதம், வெள்ளைக் குழந்தைகளைவிடக் கறுப்பினக் குழந்தைகளிடம் ஏழு மடங்குக்கும் மேல் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் கணக்குக் காட்டுகிறது. அந்த அம்மா தன் மகனைத் தண்ணீரில் இறக்கியதற்குப் பின்னால் இவ்வளவும் இருந்திருக்கலாம். அன்று அவர் அவனைத் தண்ணீரிலிருந்து ஏற்றிக்கொண்டு போனதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

உங்கள் கணவர் இதைக் கேட்டதும், "இதெல்லாம் என் மகனுக்கு எப்படித் தெரியும்?" என்பார். நியாயமான கேள்வி. வரலாறு அவனுக்குத் தெரியாது. ஆனால் யார் எந்தக் குளத்தில் இருக்கிறார்கள் என்பது தெரியும். அந்தக் குடும்பம் வரும்வரை அவன் நீந்தும் குளத்தில் கறுப்பினக் குழந்தை ஒன்றுகூட இருந்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. அவன் பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வரும் பிள்ளைகள் யார், அவன் அப்பாவின் நண்பர்கள் யார், அவன் பல் டாக்டர் யார், ரோட்டோரம் குப்பை அள்ளுகிறவர் யார், டிவியில் கைவிலங்கோடு காட்டப்படுகிறவர் யார், எல்லாவற்றையும் அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். யாரும் விளக்கம் சொல்லாததால் அவனே ஒரு விளக்கம் செய்துகொள்கிறான். பழுப்பு நிறம் என்றால் சேறு, சேறு என்றால் அழுக்கு என்று அவன் மண்டைக்குள்ளேயே முடிச்சுப் போட்டிருக்கலாம். பள்ளிப் பேருந்தில் யாரோ சொன்னதையும் திருப்பிச் சொல்லியிருக்கலாம். எதுவானாலும், அந்த முடிச்சை அவிழ்க்க ஒரு பெரியவர் வேண்டும். அன்று அவனுக்குக் கிடைத்தது "உஷ்".

அந்த "உஷ்" பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். குழந்தை வளர்ப்பில் வெள்ளைப் பெற்றோர் செய்கிற மிகப் பெரிய தவறாக நான் பார்ப்பது அதைத்தான். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பேசினால்தான் குழந்தைக்கு நிறம் தெரியும், பேசாவிட்டால் தெரியாமலே வளரும் என்று நம்புகிறார்கள். மூன்று மாதக் கைக்குழந்தையே தான் தினமும் பார்த்துப் பழகிய இனத்தின் முகங்களை அதிக நேரம் பார்க்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது வெறுப்பில்லை, பழக்கம். ஆனால் கண் அப்போதே பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பிரிவுக்கு நல்லது கெட்டது என்று சாயம் ஏறுவது அதற்கப்புறம்தான், நாம் வாய்மூடி இருக்கும் வருடங்களில்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 2000-களின் நடுவில் பிர்கிட்டே விட்ரப் என்ற ஆய்வாளர் சுமார் நூறு வெள்ளைக் குடும்பங்களை வைத்து ஒரு சோதனை செய்தார். ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள். உங்கள் மகன் வயது. சில பெற்றோர்களிடம், வீட்டில் இனத்தைப் பற்றிப் பிள்ளைகளோடு வெளிப்படையாகப் பேசுங்கள் என்று சொல்லி, பேசவேண்டிய விஷயங்களையும் கொடுத்தார். சிலர் இதெல்லாம் வேண்டாம் என்று ஆய்விலிருந்தே விலகிவிட்டார்கள். இருந்தவர்களிலும் பெரும்பாலோர் "எல்லோரும் சமம்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். நிஜமாக உட்கார்ந்து பேசியது விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தான். அந்தப் பிள்ளைகளிடம் மாற்றம் தெரிந்தது. "உன் அப்பா அம்மாவுக்குக் கறுப்பின மக்களைப் பிடிக்குமா?" என்று கேட்டபோது, நிறையப் பிள்ளைகள் தெரியாது என்றார்கள். பிடிக்காது என்று சொன்ன பிள்ளைகளும் உண்டு. இவர்கள் தங்களை நல்லவர்கள், பேதம் பார்க்காதவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த பெற்றோர்களின் பிள்ளைகள்.

இன்று ராத்திரி உங்கள் கணவர் தன் மகனிடம் அதே கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று அவரால் சொல்ல முடியுமா? கோபப்படாமல், தனியாக இருக்கும்போது இதை அவரிடம் கேளுங்கள்.

"நிறம் பார்ப்பதில்லை" என்று சொல்ல முடிவதே ஒரு வசதி. அந்த அம்மாவால் அப்படிச் சொல்லிவிட்டு இருக்க முடியாது. கிளீவ்லாண்ட் உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். 2014 நவம்பரில் அங்கே ஒரு பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்த டமீர் ரைஸ் என்ற பன்னிரண்டு வயதுக் கறுப்பினச் சிறுவனை, காரில் வந்து இறங்கிய இரண்டு விநாடிக்குள் போலீஸ் சுட்டது. மறுநாள் அவன் இறந்துபோனான். உங்கள் மகன் தண்ணீர்த் துப்பாக்கியோடு தெருவில் ஓடுகிறான். அவன் அப்பாவுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். அந்த அம்மா தன் மகனிடம் பொம்மைத் துப்பாக்கியை வெளியே கொண்டு போகாதே, கடையில் பைக்குள் கை விடாதே, போலீஸ் கேட்டால் கை தெரிகிற மாதிரி நில் என்று பத்து வயதுக்குள் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். இங்கே கறுப்பினக் குடும்பங்களில் அந்தப் பேச்சு நடக்காத வீடு அரிது. ஏழு வயதுப் பிள்ளையிடம் இனத்தைப் பற்றிப் பேசுவது சீக்கிரம் என்று வெள்ளைப் பெற்றோர் நினைக்கும்போது, அதே வயதுப் பிள்ளையிடம் இன்னொரு வீட்டில் உயிர் பிழைக்கும் வழியைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, அவர் என்ன படிப்பது? புத்தகம் நிறைய இருக்கிறது, நூலகத்தில் கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் என்னிடம் வரும் வெள்ளைத் தகப்பன்மார்களிடம் நான் முதலில் புத்தகம் கொடுப்பதில்லை. உங்கள் அம்மாவிடம் போய் நாலு கேள்வி கேட்டு வாருங்கள் என்பேன். நீங்கள் படித்த பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகள் எத்தனை பேர்? எந்தக் குளத்தில் நீந்தக் கற்றீர்கள், அங்கே யாரெல்லாம் வருவார்கள்? தாத்தா முதல் வீட்டை எந்த வருடம், எந்தக் கடனில் வாங்கினார்? அந்தத் தெருவில் வேறு யாருக்கு வீடு கிடைத்தது?

இந்த மூன்றாவது கேள்வியில்தான் பலரும் நின்றுவிடுவார்கள். 1934-ல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுக்கடன் உத்தரவாதத் திட்டமும், போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கான 1944 சட்டமும் லட்சக்கணக்கான வெள்ளைக் குடும்பங்களைச் சொந்த வீட்டில் உட்காரவைத்தன. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு மையால் அடையாளமிட்டு, அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று ஒதுக்கினார்கள். அதே போரில் போய்ச் சண்டை போட்டுத் திரும்பிய கறுப்பின வீரருக்கு அந்தக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. உங்கள் நகரத்திலேயே, ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பினப் பகுதியின் கீழ்ப்பாதியை 1956 முதல் இடித்துத் தள்ளி, ஏறத்தாழ 8,000 பேரை வெளியேற்றி, அங்கே விளையாட்டு அரங்கம் கட்டினார்கள். ஒரு பக்கம் தாத்தா வாங்கிய வீடு விலையேறிப் பேரனின் கல்லூரிப் படிப்பாக மாறியது. இன்னொரு பக்கம் வீடே போனது.

ஒரு தகப்பனார் இந்தக் கேள்விகளோடு தன் அம்மாவிடம் போனார். முதல் நாள் அந்த அம்மா கோபித்துக்கொண்டு பேச்சை மாற்றிவிட்டார். அடுத்த வாரம் அவரே ஒரு பழைய தகர டப்பாவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். உள்ளே வீட்டுப் பத்திரம். அதில் தட்டச்சில் ஒரு வரி: வெள்ளை இனத்தவர் தவிர வேறு யாருக்கும் இந்த இடத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. அப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948-லேயே சொல்லிவிட்டது. காகிதத்தில் அந்த வரி அப்படியே இருந்தது. அந்தத் தகப்பனார் என்னிடம் வந்து வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "நான் விளையாடி வளர்ந்த வீடு அது" என்றார். புத்தகத்தில் அந்தச் செய்தியை அவர் ஏற்கெனவே படித்திருந்தார். சொந்த வீட்டுப் பத்திரத்தில் பார்த்தபோதுதான் உறைத்தது.

உங்கள் மாமியார் வீட்டில் இப்படி ஒரு காகிதம் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. கேட்டால் ஏதாவது ஒன்று வெளியே வரும். அதைக் கேட்க வேண்டியது அவர் மகன். மருமகள் கேட்டால் அது மாமியார் மருமகள் சண்டையாகிவிடும்.

உங்கள் நேர்க் கேள்விக்கு வருகிறேன். இது உங்கள் வேலையா? இல்லை. நீங்கள் அவருக்கு மனைவி. அவர் படித்ததைச் சொன்னால் கேளுங்கள். உங்களுக்கு வலித்ததைச் சொல்லுங்கள். கடையில் உங்களைப் பின்தொடர்ந்து வந்ததையோ, பள்ளியில் உங்கள் மகளுக்கு உங்களை ஆயா என்று நினைத்ததையோ, அப்படி ஏதாவது நடந்திருந்தால், ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆனால் பாடம் தயாரிப்பது, புத்தகம் தேடுவது, அவர் படித்தாரா என்று பார்ப்பது, அவர் குற்ற உணர்ச்சியில் அழுதால் தேற்றுவது, இதெல்லாம் உங்கள் தலையில் விழக் கூடாது. நிறம் குறைந்தவர்கள் வெள்ளையருக்குப் பாடம் நடத்தி நடத்தி ஓய்ந்துபோவதை நான் எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன். அவருடைய நண்பர்களில், அலுவலகத்தில், தேவாலயத்தில் இதையே யோசித்துக்கொண்டிருக்கும் இன்னொரு வெள்ளைத் தகப்பன் நிச்சயம் இருப்பார். அவர்கள் சேர்ந்து படிக்கட்டும், தடுமாறட்டும், தவறாகப் பேசட்டும், திருத்திக்கொள்ளட்டும். அந்தத் தடுமாற்றத்துக்கு ஒரு கறுப்பின மனிதரோ நீங்களோ எதிரில் உட்கார்ந்து பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மகனிடமும் அவர்தான் பேச வேண்டும். அவன் பார்த்து வளர்வது அவரைத்தான். ஒரு மாதம் ஆகிவிட்டதே, மறந்திருப்பானே என்று விட வேண்டாம். மறந்திருக்க மாட்டான். அப்பா முகம் சிவந்த நாளைப் பிள்ளைகள் மறப்பதில்லை. காரில் போகும்போது பேசச் சொல்லுங்கள். முகத்துக்கு முகம் பார்க்காத இடத்தில் ஆண்பிள்ளைகளுக்குப் பேச்சு சுலபமாக வரும். இப்படி ஆரம்பிக்கலாம்: "அன்னைக்குக் குளத்துல நீ சொன்னதுக்கு நான் உஷ்னு சொல்லிட்டு வந்துட்டேன். அது என் தப்பு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. தண்ணி அழுக்காகும்னு உனக்கு ஏன் தோணுச்சு?" இதற்குப் பிறகு அவர் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். திட்டினால் அவன் காரணத்தை ஒளித்துவிடுவான். காரணம் தெரியாமல் எதையும் திருத்த முடியாது.

அவன் நிறத்தைச் சொன்னால், தோலில் இருக்கும் மெலனின் என்ற பொருள் சிலருக்கு அதிகம், சிலருக்குக் குறைவு, அது கழுவினால் போகிற சேறு இல்லை, தங்கச்சிக்கும் அவள் அம்மாவுக்கும்கூட இருக்கிறது என்று சாதாரணமாகச் சொல்லலாம். அதோடு நிறுத்தக் கூடாது. ஹைலண்ட் பார்க் குளத்தின் கதையையும் சொல்லச் சொல்லுங்கள். ஏழு வயதுக்கு நியாயம் அநியாயம் நன்றாகவே புரியும். கேக்கை ஒரு துண்டு கூடக்குறைய வெட்டினால் எப்படிக் கத்துகிறார்கள்! "நம்ம ஊருல, நம்மள மாதிரி வெள்ளைக்காரங்க, இவங்க தண்ணில இறங்கக் கூடாதுன்னு அடிச்சாங்க. நீ சொன்னது அந்தப் பையனுக்கு அதை ஞாபகப்படுத்தியிருக்கும். நாம அப்படி இருக்கப் போறதில்லை." நம்மைப் போன்ற வெள்ளைக்காரர்கள் என்ற வார்த்தை அவருக்குத் தொண்டையில் சிக்கும். சிக்கினாலும் சொல்லட்டும். "சில கெட்டவர்கள்" என்று சொல்லி நழுவினால் பிள்ளைக்கு அது வேறு யாரோ செய்த கதையாகிவிடும்.

கூடவே, இதே ஊரிலிருந்து இன்னொரு கதையும் சொல்லலாம். அவர் சிறு வயதில் பார்த்திருப்பார். பிட்ஸ்பர்க்கின் பொதுத் தொலைக்காட்சி நிலையத்தில் ஃப்ரெட் ரோஜர்ஸ் குழந்தைகளுக்காக வருடக்கணக்கில் நிகழ்ச்சி நடத்தினார். 1969 மே மாதம் ஒரு நாள், வெயில் காலத்தில் கால் நனைக்க என்று ஒரு சின்னப் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி உட்கார்ந்தார். போலீஸ்காரராக நடித்த ஃபிரான்சுவா கிளெம்மன்ஸ் அந்த வழியாக வருகிறார். அவர் கறுப்பினத்தவர். வாருங்கள், நீங்களும் கால் நனையுங்கள் என்கிறார் ரோஜர்ஸ். துண்டு இல்லையே என்கிறார் கிளெம்மன்ஸ். என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார் இவர். ஒரே தொட்டியில் நான்கு கால்கள், இரண்டு வெள்ளை, இரண்டு கறுப்பு. கேமரா அதையே காட்டிக்கொண்டிருக்கும். குளத்தில் அமிலம் ஊற்றி ஐந்து வருடம்கூட ஆகவில்லை. இந்தக் காட்சியை இப்போதும் பார்க்கலாம். மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்கட்டும். ஏன் துண்டைப் பகிர்ந்துகொண்டது பெரிய விஷயமாக இருந்தது என்று அவன் கேட்கும்வரை காத்திருக்கட்டும்.

ஒருமுறை பேசினால் தீர்ந்துவிடும் காரியமும் இல்லை இது. என் அறையில் கலர்ப் பென்சில் டப்பா ஒன்று வைத்திருக்கிறேன். வெள்ளைக் குழந்தை ஒன்று வந்து "தோல் கலர் எங்கே?" என்று கேட்டால், "யாரோட தோல் கலர்?" என்று கேட்பேன். பெரும்பாலும் ஒரு நிமிடம் திகைத்து நிற்கும். கிரேயோலா நிறுவனம் தன் வெளிர்நிறக் கிரேயான் ஒன்றுக்குத் தோலின் நிறம் என்ற பொருளில் வைத்திருந்த பெயரை 1962-லேயே பீச் (ஒரு பழத்தின் பெயர்) என்று மாற்றிவிட்டது. அறுபது வருடமாகியும் பிள்ளைகள் அதே பழைய அர்த்தத்தில் கேட்கிறார்கள். பெயர் டப்பாவிலிருந்து போய்விட்டது, வீட்டிலிருந்து போகவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு டப்பா வாங்கி வையுங்கள், பல தோல் நிறங்கள் கொண்டது இப்போது கிடைக்கிறது. அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் வரையட்டும். தங்கைக்கு எந்தக் குச்சி என்று அவன் தேடும்போது நடக்கும் பேச்சு, எந்தப் புத்தகத்தையும்விட மேல்.

உங்கள் அம்மா சொன்னதையும் விட்டுவிட முடியாது. "நல்ல வேளை" என்ற அந்த வார்த்தையில் பாசம்தான் இருக்கிறது, எனக்குத் தெரியும். என் பாட்டி குங்குமப்பூவைப் பாலில் போட்டுக் கொடுத்ததும் பாசம்தான். ஆனால் உங்கள் மகளுக்கு மூன்று வயது. அவள் தமிழ் கேட்டு வளர்கிறாள். தன் நிறம் நல்ல வேளை என்றால், அம்மாவின் நிறம் கெட்ட வேளையா என்று ஒரு நாள் அவளுக்குத் தோன்றும். அண்ணனுக்கும் அது போய்ச் சேரும். "அம்மா, அவகிட்ட கலர் பேசாதே. கண்ணு அழகா இருக்கு, பாட்டு நல்லா பாடறா, அதைச் சொல்லு" என்று நேரே சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் கோபம் இருக்கும், பரவாயில்லை.

இன்னொன்றும் உங்களிடம் சொல்ல வேண்டும். மதுரைப் பக்கத்தில் பிறந்த உங்களுக்கு, "இவன் இறங்கினால் தண்ணீர் அழுக்காகும்" என்ற வார்த்தை எங்கேயும் கேட்காததாக இருந்திருக்காது. நம் ஊர்க் கிணறுகளும் டீக்கடைகளின் தனிக் குவளைகளும் அதையே சொல்லியிருக்கின்றன. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்தபோது நாம் எல்லோரும் பதறினோம். உங்கள் குடும்பம் எந்தப் பக்கம் நின்ற குடும்பம் என்று எனக்குத் தெரியாது. உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொள்ளும் வீட்டில் நீங்கள் பிறந்திருந்தால், உங்கள் கணவர் இப்போது நிற்கும் இடத்தில் நீங்களும் ஊரில் நின்றிருக்கிறீர்கள். "எங்கள் வீட்டில் சாதி பார்ப்பதில்லை" என்ற வார்த்தையையும் கேட்டு வளர்ந்திருப்பீர்கள். அந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். ஒடுக்கப்பட்ட பக்கம் நின்ற வீடு என்றால், சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். அவருக்குப் புரியவைப்பதற்காக உங்கள் காயத்தைப் பிரித்துக் காட்ட வேண்டியதில்லை.

இன்றைக்கு நீங்களும் அவரும் சேர்ந்து வாழும் வாழ்க்கையேகூடப் பலர் போராடித் திறந்த கதவு. ஒரு கறுப்பினப் பெண்ணும் ஒரு வெள்ளைக்காரரும், மில்ட்ரெட் லவ்விங், ரிச்சர்ட் லவ்விங் என்ற தம்பதி, நீதிமன்றத்துக்குப் போனதால்தான் 1967-ல் பதினாறு மாநிலங்களில் இருந்த கலப்புத் திருமணத் தடைகள் விழுந்தன. உங்கள் கல்யாணப் படம் மாட்டியிருக்கும் சுவருக்குப் பின்னால் அவர்களும் இருக்கிறார்கள் என்று உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, அந்த அம்மா. மன்னிப்புக் கேட்க வேண்டியது உங்கள் கணவர். நீங்கள் கூடப் போனால், உங்கள் கணவரின் கண் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள்தான் பேச வேண்டியிருக்கும். மகனையும் முதல் முறை இழுத்துக்கொண்டு போக வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளையை எதிரில் நிறுத்தி மன்னிப்புக் கேட்கவைத்தால், "பரவாயில்லை கண்ணா" என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அந்த அம்மாவுக்கு வந்துவிடும். அவருக்கு அது பரவாயில்லையாக இருக்காது. அவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, இரண்டு நிமிடத்தில் முடிக்கச் சொல்லுங்கள். என் மகன் சொன்னது தவறு, அதை அங்கேயே திருத்தாமல் போனது என் தவறு, அவனிடம் இப்போது பேசியிருக்கிறேன், உங்கள் மகனைக் காயப்படுத்தியதற்கு வருந்துகிறேன். அவ்வளவுதான். "நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை" வேண்டாம். "என் மனைவியே இந்தியர்" வேண்டவே வேண்டாம். அவர் முகம் திருப்பிக்கொண்டு போனாலும் அது அவர் உரிமை. பதிலுக்கு ஏதாவது கடுமையாகச் சொன்னால், நின்று கேட்டுவிட்டு வரட்டும். மகன் பிறகு தானாக "நானும் ஸாரி சொல்லவா?" என்று கேட்டால், அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டு அழைத்துப் போகலாம்.

உங்கள் பக்கத்துக் குளங்களை வழக்கமாகச் செப்டம்பர் முதல் திங்கள் விடுமுறையோடு மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தை அடுத்த மே மாதம்தான் அங்கே பார்க்க முடியும். இந்தச் சனிக்கிழமையே அவர் போகட்டும். நீங்கள் மகளோடு வீட்டில் இருங்கள்.